பூரியின் பெயரில் ஒரு சீட்டு

1

அன்று டாக்டரின் கார் ஷெட்டில் இருந்தவர்கள் யார் யார் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாய் டாக்டர் கேசவன். ஊசியும் பஞ்சும் எடுத்துக் கொடுக்கும் அவருடைய கம்பவுண்டர். நாங்கள் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரர் பத்மா மாமி, மழைக்குத் தலையில் பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்துக்கொண்டு. எங்கள் கேட்டுக்கு வெளியே தள்ளுவண்டியில் துணி தேய்க்கும் ஏழுமலை. ஏழாம் வகுப்பில் படிக்கும் என் மகள் வாணி. நான். மேசைமேல், கோணிப்பையில், பூரி என்கிற நாய். என் வீட்டுக்காரர் இல்லை. தீபாவளி வியாபாரம், தி. நகர் துணிக்கடையில் சேலை பிரித்துப் போடும் அவருக்கு அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமைகூடக் கிடையாது.

டாக்டர் பூரியின் வயிற்றை அமுக்கிப் பார்த்தார். வாலைத் தூக்கிப் பார்த்தார். கையைக் கழுவிக்கொண்டே சொன்னார்.

"கர்ப்பப்பை பூரா சீழ். இன்னிக்கே திறந்து எடுத்தாகணும். நாளைக்குன்னா நாய் இருக்காது."

பிறகு என் பக்கம் திரும்பினார். "ஏம்மா, ஜனவரி மாசமே உங்களுக்கு எழுதிக் கொடுத்தேனே? அப்பவே எடுத்திருந்தா இந்த வியாதியே வந்திருக்காது. ஏன் கொண்டு வரலே?"

நான் வாயைத் திறப்பதற்குள் மாமி பதில் சொல்லிவிட்டார். "நீங்கதான் ஊர்ல இல்லையாமே. பொண்ணாத்துக்குப் போயிருக்கேள், வர நாலு மாசமாகும்னு இந்தப் பாக்கியம்தானே சொன்னா."

"நானா? நான் இந்த ஷெட்டை விட்டு எங்கேயும் போகலியே மாமி."

ஆஸ்பெஸ்டாஸ் கூரைமேல் மழை கொட்டிக்கொண்டிருந்தது. மாமி என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு டாக்டரிடம், "சரி, அதெல்லாம் அப்பறம். இப்போ என்ன ஆகும், அதைச் சொல்லுங்கோ" என்றார்.

"மொத்தமா ரெண்டாயிரம் ஆகும். மயக்க ஊசி, குளுக்கோஸ், மருந்து எல்லாம் வாங்கிட்டு வர இப்பவே ஆயிரம் வேணும். மிச்சத்த மெதுவா கொடுங்க."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பூரியின் பணம் ஆயிரத்து நூறு ரூபாய் என் வீட்டில் பிஸ்கட் டின்னில் இருக்கிறது என்றுதான் அங்கே நின்ற எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். டின் இருந்தது.

2

இதை எழுதுவதற்குக் காரணம், இன்று சாயங்காலம் வெளிநாட்டார் பதிவு ஆபீசிலிருந்து புது முத்திரையோடு வந்திருக்கிறேன். மலேசியாவில் கிள்ளானை விட்டு இங்கே வந்து பதினைந்து வருஷம் முடிகிறது. ஒவ்வொரு ஜூன் மாதமும் நான் இன்னும் ஒரு வருஷம் இருக்கலாமா என்று இந்த ஊரைக் கேட்க வேண்டும். அது யோசித்து, முத்திரை குத்தித் தரும்.

பாரத்தில் 'மெட்ராஸ்' என்று எழுதியிருந்தேன். கவுன்டரில் இருந்தவர் பேனாவால் தட்டினார். "அதெல்லாம் போச்சும்மா. சென்னைன்னு எழுதுங்க." அடித்து எழுதினேன். அடித்தல் திருத்தல் இருந்தால் வாங்க மாட்டோம் என்று வேறு பாரம் கொடுத்தார். தங்கும் நோக்கம் என்ற கோட்டில் பதினைந்து வருஷமாக 'குடும்பம்' என்றே எழுதி வருகிறேன். இந்த வருஷம் அதை எழுதும்போது பேனா கொஞ்சம் நின்றது.

அங்கே இதைப் படிக்கும் உங்களில் பலருக்கு என்னைத் தெரிந்திருக்காது. தமிழ்ப்பள்ளியில் ஆறு வருஷம், அப்புறம் இடைநிலைப் பள்ளிக்கு முந்தின புகுமுக வகுப்பு ஒரு வருஷம். அத்தோடு என் படிப்பு தீர்ந்து, அம்மாவின் பலகாரக் கடையில் உட்கார்ந்துவிட்டேன். பக்கத்துத் துணிக்கடைக்குக் கணக்கெழுத வந்த திருநெல்வேலிக்காரரைக் கட்டிக்கொண்டேன். நம் பேச்சிலும் 'லா' வரும், அவர் பேச்சிலும் 'லா' வரும். அந்த ஓர் எழுத்தை நம்பிக் கடல் தாண்டி வந்தவள் நான்.

வந்த புதிதில் காய்கறிக்காரரிடம், "கத்தரிக்காய் எத்தனை வெள்ளி?" என்று ஊர்ப் பணத்தில் கேட்டுவிடுவேன். "வெள்ளியெல்லாம் நகைக்கடைலம்மா" என்பார். இன்றைக்கும் அவசரத்தில் காரைக் காடி என்பேன். அதெல்லாம் எனக்குச் சிரிப்புத்தான். வாணிக்குச் சிரிப்பில்லை. "அம்மா, என் ஃப்ரெண்ட்ஸ் வந்தா பசியாறியாச்சான்னு கேக்காத. அப்புறம் கிளாஸ்ல அப்படியே சொல்லிக் காட்டுறாங்க." இங்கே பிறந்த பிள்ளை. கிள்ளானில் இருக்கும் என் அம்மா அவளுக்குப் புகைப்படம்தான். எங்கள் ஊர் வாசனையெல்லாம் அவளுக்கு நான் சொல்லும் கதை. கதையும் இப்போது அவள் கேட்பதில்லை.

எனக்கு ஒரு வியாதி உண்டு: பயம். கேஸ் தீர்ந்துவிடுமோ, ரேஷன் கார்டில் பெயர் அடித்துவிடுவார்களோ, வாணி ரோடு தாண்டும்போது பஸ் வந்துவிடுமோ. அடுப்பை அணைத்தேனா என்று லஸ் முனை வரைக்கும் போய்த் திரும்பி வந்திருக்கிறேன். தெருவில் என்னை மலேசியாக்கா என்று கூப்பிடுகிறவர்கள், இவ்வளவு பயப்படுகிறவள் பணத்தைத் தொலைக்கவே மாட்டாள் என்று நம்பினார்கள். அதனால்தான் சீட்டு நோட்டு என் கைக்கு வந்தது.

3

பூரி யாருடைய நாயும் இல்லை. ஏழுமலையின் வண்டிக்கு அடியில் படுத்திருக்கும். கரிப்பெட்டியின் சூடு அதற்குப் பிடிக்கும் போல. காலையில் மாமி வீட்டுத் தயிர்சாதம், சாயங்காலம் எங்கள் வீட்டு மீன் தலை. ஜாதி வித்தியாசம் பார்க்காமல் இரண்டையும் தின்னும். போன முறை ஐந்து குட்டி போட்டது. இரண்டை யாரோ வளர்க்கக் கொண்டுபோனார்கள். மூன்றை மந்தைவெளிப் பக்கம் போகிற வண்டிகள் அடித்துவிட்டன. மூன்றாவது குட்டியை ஏழுமலை ஈரத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தபோது, அவர் மனைவி கஸ்தூரி வண்டியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவர்களுக்குப் பிள்ளை இல்லை.

"இத்தோட போதும்க்கா" என்றார் ஏழுமலை. "இதுக்கு ஒரு குடும்பக் கட்டுப்பாடு பண்ணி வுட்டுரலாம். இன்னா செலவானாலும் சரி."

டாக்டரைத் தேடும் வேலை என்னிடம் வந்தது. மருந்துக் கடையில் கேட்டேன். "நாய்க்கா? வேப்பேரி கால்நடை ஆஸ்பத்திரி போங்க" என்றார்கள். வேப்பேரிக்கு ஆட்டோ கேட்டேன். நாயைப் பார்த்ததும் மூன்று ஆட்டோக்காரர்கள் வண்டியைக் கிளப்பிவிட்டார்கள். நாலாவது ஆள், "நாய்க்கு ரிட்டன் சார்ஜும் சேத்துக் குடுக்கணும்" என்றார். கிள்ளானில் எங்கள் பக்கத்து வீட்டுச் சீனக் கிழவர் தன் நாயை மோட்டார் சைக்கிளில் முன்னால் உட்காரவைத்தே எங்கும் போவார். அந்த ஞாபகத்தில் என் வீட்டுக்காரரின் சைக்கிளில் உட்காரவைத்துப் பார்த்தேன். பூரி குதித்து இறங்கி, என்னைப் பார்த்துக் குரைத்துவிட்டு, வண்டிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது.

கடைசியில், குளத்துக்குப் பின்னால் மாடு கட்டியிருக்கும் பால்காரரிடம் கேட்டேன். மாட்டுக்கு டாக்டர் வருவாரே. அவரும் மறுநாளே ஒருவரைக் கூட்டிக்கொண்டு வந்தார். வந்தவர் கைப்பையைத் திறந்து முழ நீள ஊசியை எடுத்தார். கஸ்தூரி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நான் மாட்டுக்கு சினை ஊசி போடுறவன்மா" என்றார் அவர், பூரியைப் பார்த்துவிட்டு. "இதுக்குச் சினையே வேணாங்குறீங்க. நம்ம லைன் வேற." ஆனால் நல்ல மனிதர். ராஜா அண்ணாமலைபுரத்தில் ரிடையரான டாக்டர் ஒருவர் கார் ஷெட்டில் சாயங்காலம் வைத்தியம் பார்க்கிறார் என்று வழி சொல்லி அனுப்பினார். நடந்தே போகலாம். பூரி நடந்தே வந்தது.

கேசவன் டாக்டர் ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தார். ஆபரேஷன் அறுநூறு. மருந்து இவ்வளவு. வெறிநாய்த் தடுப்பூசி, குடற்பூச்சிக்கு மாத்திரை, கழுத்தில் கட்டும் கார்ப்பரேஷன் வில்லை. "அடுத்த வருஷ ஊசிக்கும் சேத்து ஆயிரத்து நூறு கையில வெச்சுக்குங்க. நாய் வளக்குறதுன்னா சோறு போடுறது மட்டும் இல்ல."

எங்களிடம் முன்பே ஒரு குலுக்கல் சீட்டு இருந்தது. பத்துப் பேர், ஆளுக்கு மாதம் நூறு ரூபாய். சீட்டு நடத்துகிறவள் என்று முதல் மாதம் எனக்கு, மற்றதெல்லாம் குலுக்கல். புதுச் சீட்டு ஆரம்பிக்கும்போது மாமிதான் சொன்னார். "பதினோராவதா பூரி பேரையும் போட்டுடலாமே. ஆளுக்குப் பத்து ரூபா கூடக் கொடுத்தா அதோட நூறு ஆயிடறது." அப்படித்தான் மாதாமாதம் நூற்றுப்பத்து கட்டினோம். பதினோரு பெயர், ஆயிரத்து நூறு ரூபாய். நோட்டில் பதினோராம் வரியில் 'பூரி' என்று எழுதினேன். முகவரி என்ற இடத்தில் 'வண்டிக்கு அடியில்' என்று வாணி எழுதினாள்.

மே மாதக் குலுக்கலில் வாணி எடுத்த காகிதத்தில் பூரி பெயர் வந்தது. மாமியின் கூடமே அதிர்ந்தது. பூக்கார வசந்தா நெற்றியில் அடித்துக்கொண்டாள். "த்தோ பாரு, நாய்க்குக்கூட நேரம் வந்துடிச்சி. எனக்கு வர்ல."

பணத்தை எண்ணி, நான் ஊரிலிருந்து கொண்டுவந்த பிஸ்கட் டின்னில் போட்டேன். பள்ளிக்கூடம் திறந்து அலைச்சல் அடங்கட்டும், ஜூன் கடைசியில் ஆபரேஷன் என்று முடிவு செய்தோம்.

4

ஜூன் மாதம் எனக்கும் ஒரு தேதி இருந்தது.

என் வீட்டுக்காரர் மே மாதமே சொல்லிவிட்டார். "தேதிய மறந்துராத பாக்கியம். அபராதம்லாம் கட்ட நம்மால முடியாது." நான் மறக்கவில்லை. தினமும் அதை நினைத்துப் பயந்துகொண்டே இருந்தேன். வாணிக்குப் பள்ளிக்கூடத்தில் தமிழா, ஹிந்தியா என்று ஒரு பயம். குழாயில் தண்ணீர் வராத பயம். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் என்று தம்பி எழுதிய கடிதத்தின் பயம். இத்தனை பயத்துக்கு நடுவில், தேதி பதினெட்டு என்று எப்படியோ மனதில் உட்கார்ந்துவிட்டது. பதினேழாம் தேதி ராத்திரி காகிதங்களை எடுத்து அடுக்கினால், எட்டு என்று இருக்கிறது. ஒன்பது நாள் கடந்துவிட்டது.

நாட்டை விட்டு அனுப்பிவிடுவார்கள் என்று நினைத்தேன். உண்மையாகவே நினைத்தேன். வாணியை விட்டுவிட்டு, கப்பலோ விமானமோ, யார் டிக்கெட் எடுப்பார்கள் என்றெல்லாம் யோசித்தேன். காலையில் அவர் கடைக்குப் போனதும் பிஸ்கட் டின்னைத் திறந்தேன். எண்ணவில்லை. அப்படியே கைக்குட்டையில் முடிந்துகொண்டு போனேன்.

ஆபீசில் யாரும் என்னைத் துரத்தவில்லை. "லேட் ஆயிடுச்சேம்மா" என்றார்கள், ஒரு ரசீது போட்டார்கள். கட்டணம், தாமதத்துக்கு அபராதம், போட்டோ, போக வர எல்லாமாக ஆயிரத்து எழுபது. மீதி முப்பது ரூபாய்க்கு வீட்டுக்குக் காய்கறி வாங்கினேன். இதை யாரிடமும் இதுவரைக்கும் சொன்னதில்லை. அந்த முப்பதையாவது டின்னில் போட்டிருக்கலாம்.

இரண்டு மாதத்தில் திருப்பி வைத்துவிடலாம் என்றுதான் கணக்குப் போட்டேன். சேலைக்கு அடியில் தைக்கும் ஃபால்ஸ் துணியை அவர் கடையிலிருந்து கொண்டுவருவார். ஒரு சேலைக்கு ஐந்து ரூபாய். ஆடித் தள்ளுபடிக்கு நிறைய வரும் என்று பார்த்தேன். வந்தது. வந்ததெல்லாம் வாணியின் பள்ளிக்கூட ஷூவிலும், அம்மாவின் கண்ணுக்கு அனுப்பியதிலும் போனது.

ஜூலையில் ஏழுமலை கேட்டார். "இன்னாக்கா, பூரிய எப்ப இட்டுகினு போறோம்?"

"டாக்டர் ஊரில் இல்லையாம். மகள் வீட்டுக்குப் போயிருக்கிறாராம்."

அந்த வாக்கியம் எவ்வளவு சுலபமாக வந்தது என்பதை நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பு கூசுகிறது. ஆகஸ்டில் மாமி கேட்டார். அதையே சொன்னேன். செப்டம்பரில் பூரிக்குப் பருவம் வந்து, தெரு நாய்களெல்லாம் கேட்டில் நின்றன. கஸ்தூரி விளக்குமாற்றோடு காவலிருந்தாள். "டாக்டர் வந்துட்டாராக்கா?" "அடுத்த மாதம் வருவார்." அக்டோபரில் பூரி தண்ணீர் தண்ணீராகக் குடித்தது. சாப்பிடவில்லை. தீபாவளிக்கு முந்தின ஞாயிறு எழுந்திருக்கவே இல்லை. மாமிக்குப் பொறுக்கவில்லை. "அவர் இருந்தாலும் சரி, இல்லாட்டாலும் சரி. ஷெட்டுல வேற யாராவது இருப்பா. தூக்குங்கோ" என்றார்.

5

"பணம் பேங்கில் போட்டிருக்கிறேன். இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை" என்றேன்.

எனக்குப் பேங்கில் கணக்கே கிடையாது. வெளிநாட்டுக்காரிக்கு ஏழு காகிதம் கேட்பார்கள் என்று பயந்து அந்தப் பக்கமே போனதில்லை. மாமியிடம் அதைச் சொல்லி எத்தனையோ முறை புலம்பியிருக்கிறேன். மாமி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

 பூரியின் காதைத் தடவிக்கொண்டிருந்த ஏழுமலை நிமிர்ந்தார். "டாக்டரே, நீ ரெடி பண்ணிகினு இரு. அர அவுர்ல வந்துட்றேன்." மழையில் இறங்கிப் போனார்.

எங்கே போகிறார் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் தெரிந்துவிடுமே. முக்கால் மணி நேரம் கழித்து, நனைந்த சட்டைக்குள்ளிருந்து பிளாஸ்டிக் உறையை எடுத்து மேசையில் வைத்தார். பத்து நூறு ரூபாய் நோட்டு. கம்பவுண்டர் சைக்கிளை எடுத்துக்கொண்டு மருந்துக்கு ஓடினார்.

ஆபரேஷன் முடிய இரண்டு மணி நேரம் ஆனது. டாக்டர் எடுத்துக் காட்டியதைப் பார்க்க என்னால் முடியவில்லை. வாணி பார்த்தாள்.

"கெட்டி உசுரு" என்றார் டாக்டர். "பொழைச்சுக்கும்."

ஏழுமலை மேசையைத் தொட்டுக் கும்பிட்டார். என்னைப் பார்த்துச் சிரித்தார். "பயந்துட்டியாக்கா? நீ ஒண்ணு, எல்லாத்துக்கும் பயந்துகினு. பேங்க் தொறந்ததும் பாத்துக்கலாம், வுடு."

6

மறுநாள் காலையில் வண்டி தார்ப்பாயால் மூடியிருந்தது. தீபாவளிக்கு நாலு நாள். தேய்ப்புக்காரருக்கு வருஷத்தில் அதைப் போல வாரம் கிடையாது.

"பொட்டி ரிப்பேருக்கா" என்றார் ஏழுமலை. "புடி கயண்டுகிச்சி."

தெருவே துணி மூட்டையைத் தூக்கிக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போனது. நானும் எங்கள் வீட்டுத் துணியை எடுத்து மடித்து வைத்துவிட்டேன். தீபாவளி முடிந்து ஒரு வாரம் கழித்து, வேறொரு பெட்டியோடு வந்தார். இரும்புப் பெட்டி, நாள் வாடகை பதினைந்து ரூபாய். அவருடையது பித்தளை, அவருடைய அப்பா வைத்திருந்தது. இரும்பில் கறை பிடிக்கிறது என்று வாடிக்கைக்காரர்கள் சத்தம் போட்டது எங்கள் ஜன்னலுக்கே கேட்டது.

வாணி பள்ளிக்கூடத்திலிருந்து வந்து பையைக்கூடக் கழற்றாமல் நின்றாள்.

"பொட்டி ரிப்பேர் இல்லம்மா. சேட்டு கடைல கீது. கஸ்தூரிக்கா கொலுசும் அங்கதான் கீது."

'கீது' என்றெல்லாம் வீட்டில் பேசக் கூடாது என்பது அவள் அப்பாவின் சட்டம். அன்று நான் அதைத் திருத்தவில்லை.

"யார் சொன்னது?"

"யாரும் சொல்ல வாணாம். கஸ்தூரிக்கா கால பாத்தாலே தெர்து. உன்கிட்ட இருந்த பூரி துட்டு எங்கம்மா?"

நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.  அவள் கீழே இறங்கிப் போய், ஏழுமலையின் வண்டிக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டுக்கொண்டு துணி மடிக்க ஆரம்பித்தாள். அன்றிலிருந்து சாயங்காலமெல்லாம் அங்கேதான். கூப்பிட்டால் வருவாள். கூப்பிட்டால்தான் வருவாள்.

7

முதலில் என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். சாப்பிட்ட கையைக் கழுவாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஏன்ட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா?"

"ஏசுவீங்கன்னு பயந்தேன்."

"ஏசியிருப்பேன். ஏசிட்டுக் குடுத்திருப்பேம்லா."

 மறுநாள் அவர் கடையில் ஐந்நூறு ரூபாய் முன்பணம் வாங்கி வந்தார். மாதா மாதம் சம்பளத்தில் பிடிப்பார்கள்.

நவம்பர் குலுக்கலுக்கு எல்லோரும் மாமியின் கூடத்தில் உட்கார்ந்திருந்தபோது, நோட்டை நடுவில் வைத்துவிட்டு நின்றுகொண்டே சொன்னேன். ஜூன், தேதி, ஆபீஸ், ரசீது, டாக்டர் ஊரில் இல்லை என்ற பொய், பேங்க் என்ற பொய், எல்லாம். என் தமிழ் எனக்கே வேறு யாரோ பேசுவது போல இருந்தது.

வசந்தாதான் முதலில் வாயைத் திறந்தாள். "ஏன் மலேசியாக்கா, ஊருக்குள்ள நீதான் வெளிநாட்டு ஆளு. நாய் துட்டுலதான் நீ விசா வாங்கணுமா?"

யாரோ சிரித்தார்கள். நானே சிரித்திருப்பேன், வேறு யாரைப் பற்றியாவது இருந்தால்.

"சும்மா இரு வசந்தா" என்றார் மாமி. "அன்னிக்கு ஷெட்டுலயே எனக்குத் தெரிஞ்சுடுத்து. கேட்டா இவ அழுவா, நாய் செத்துடும்னு விட்டேன். அப்பறமும் நான் கேக்கலே. இவன் பெட்டி இல்லாம நின்னுண்டிருக்கறதைப் பாத்துண்டே தினம் கோயிலுக்குப் போயிண்டிருந்தேன். அது என் தப்பு."

ஏழுமலை வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். எப்போதும் அங்கேதான் உட்காருவார். கஸ்தூரி அவருக்குப் பின்னால்.

"துட்டு எட்த்தது பெர்சு இல்லக்கா" என்றார். குரலை உயர்த்தவில்லை. "எனக்கு விசாவுக்கு வோணும்னு கேட்ருந்தின்னா, அல்லாரும் ஆளுக்கு நூறு போட்டுக் குட்த்துருப்போம். நீ கேக்கல. தெனம் வந்து வண்டியாண்ட நின்னுகினு பூரிக்குப் பிஸ்கட் போட்ட. டாக்டர் வந்துட்டாரா டாக்டர் வந்துட்டாரான்னு நா கேட்டுகினே கெடந்தேன். அத்த நெனச்சாத்தான் பேஜாரா கீது."

நான் நோட்டை மாமியின் பக்கம் நகர்த்தினேன். 

கூட்டத்தில் முடிவானது இது: நேரத்தில் செய்திருந்தால் பூரியின் பணமே போதும், தாமதத்தால் வந்த செலவு என்னுடையது, ஆக இரண்டாயிரமும், அடகுக் கடை வட்டியும் என் பொறுப்பு. நோட்டை மாமி வாங்கிக்கொண்டார். கையெழுத்து மாறிய இடத்தில் ஒரு கோடு இழுத்தார். சீட்டிலிருந்து என்னை விலக்கவில்லை. விலக்கியிருந்தால் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

8

பித்தளைப் பெட்டியை அந்த வாரமே மீட்டோம். நானூறும், ஒரு மாத வட்டி பன்னிரண்டும். ஏழுமலையோடு என் வீட்டுக்காரர்தான் போனார். அன்று சாயங்காலம் தெருவில் மறுபடி கரி வாசனை வந்தது.

மிச்சம் இரண்டு கடன். டாக்டருக்கு ஆயிரம், கஸ்தூரியின் கொலுசுக்கு அறுநூறும் வட்டியும். கொலுசைத்தான் முதலில் மீட்டிருக்க வேண்டும் என்று இதைப் படிக்கிற உங்களுக்கே தோன்றும். நான் டாக்டருக்குக் கட்டினேன். மாதம் நூற்றைம்பதாக ஆறு மாதம், ஏழாவது மாதம் நூறு. அவர் கேட்கவே இல்லை. "மெதுவாம்மா" என்றுதான் ஒவ்வொரு முறையும் சொன்னார். ஆனால் படித்தவர், மேசை போட்டு உட்கார்ந்திருப்பவர். அவரிடம் கடன் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. கஸ்தூரியிடம் "அடுத்த மாதம்" என்று சொல்ல வெட்கமாக இல்லை. கிள்ளானில் அம்மா கடையில் கடன் சொல்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். சீனர் கடைக்குக் கட்டிவிட்டு, எங்களிடம் வந்து நாளைக்கு என்பார்கள். நானும் அப்படித்தான் ஆகியிருக்கிறேன்.

"பொங்கலுக்குள்ள வந்துருமாக்கா?" என்றாள் கஸ்தூரி முதலில். பிறகு வருஷப் பிறப்புக்குள் என்றாள். கோபமாகக் கேட்டதே இல்லை. தாய் வீட்டில் போட்ட கொலுசாம். வைத்து ஒரு வருஷம் தாண்டினால் உருக்கிவிடுவார்கள். அக்டோபர் வரைக்கும்தான் கெடு.

மே மாதம் டாக்டர் கடன் தீர்ந்தது. கல்யாண மாதம், ஃபால்ஸ் வேலை நிறைய. ராத்திரி பதினொன்று வரைக்கும் தைத்து, ஜூன் முதல் தேதிக்குள் எழுநூற்று அறுபது ரூபாய் சேர்த்துவிட்டேன். கொலுசுக்குப் போதும். வாணியிடம்கூடக் காட்டினேன். அவள் எண்ணிப் பார்த்தாள். "நாளைக்கே போலாம்மா" என்றாள். எட்டு மாதத்தில் அவளாக என்னிடம் வந்து பேசியது அன்றுதான்.

அந்த நாளைக்கு நான் போகவில்லை. சேட்டு கடைக்குக் கிளம்பிச் செருப்பு மாட்டியபோது தேதி ஞாபகம் வந்தது. என் வீட்டுக்காரருடைய சம்பளத்தில் முன்பணம் பிடிப்பு இன்னும் முடியவில்லை. தம்பியிடம் கேட்கலாம், அக்கா கபாலி கோயில் பக்கத்தில் சௌக்கியமாக இருக்கிறாள் என்று அங்கே சொல்லிக்கொண்டிருப்பவனிடம் எப்படிக் கேட்பது? மாமியிடம் கேட்கலாம். ஏழுமலை சொன்னது போல, எல்லோரிடமும் கேட்கலாம். ஒரு வாரம் யோசித்தேன். கேட்கவில்லை. இன்று காலை அந்தப் பணத்தை எடுத்துக்கொண்டு பதிவு ஆபீசுக்குப் போனேன். தேதி தவறவில்லை. அபராதம் இல்லை. எல்லாம் ஒழுங்காக இருக்கிறது என்று சொல்லி முத்திரை குத்தினார்கள்.

திரும்பி வரும்போது கேட்டில் பூரி என்மேல் தாவி, கையிலிருந்த காகித உறையை முகர்ந்தது. தையல் போட்ட இடத்தில் மயிர் முளைத்து மூடிவிட்டது. நன்றாகக் கொழுத்திருக்கிறது. வாணி ஸ்டூலில் உட்கார்ந்து பள்ளிக்கூடச் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தாள். உறையைப் பார்த்தாள். என் முகத்தைப் பார்த்தாள். மறுபடி மடிக்க ஆரம்பித்தாள்.

கஸ்தூரி வண்டியின் நிழலில் கரியை உடைத்துக்கொண்டிருந்தாள். "எங்கக்கா, வெயில்ல போய்ட்டு வர்ற? மோர் வேணுமா?" என்று கேட்டுவிட்டு, கொஞ்ச நேரம் கழித்து, என்னைப் பார்க்காமல் கேட்டாள். "ஆடிக்கு அம்மன் கோயில்ல கூழ் ஊத்துறாங்க. அதுக்குள்ள வந்துருமாக்கா?"

முதல் அறுநூறு. நூற்றுக்கு மூன்று வட்டி, எட்டு மாதத்துக்கு நூற்று நாற்பத்து நான்கு. இன்றைக்கு எழுநூற்று நாற்பத்து நான்கு ரூபாய்.